குடிநோய்க்கு மருந்து: சொல்லும் பொருளும்

செந்தூலின் பழைய தொடர்வண்டிப் பட்டறைக் குடியிருப்புகளை அறிந்தோர்க்குக் கள்ளும் சம்சுவும் புதிய சொற்களல்ல. 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. எனினும், குடிக்கு மருந்துண்டு என்னும் செய்தியை நம்மவர் இன்றும் தணிந்த குரலிலேயே பேசுகின்றனர். திருக்குறளிலும் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே சூது வந்து நிற்கிறது!

இம்மருந்துகளுள் மூத்தது டைசல்பிராம். அதன் வரலாறு ரப்பரோடு பிணைந்தது. ரப்பரைப் பதப்படுத்தும் இவ்வகை வேதிப்பொருள்களைக் கையாண்ட தொழிலாளர் மது அருந்தியதும் நோயுறுவதை, 1937இல் அமெரிக்க ஆலை மருத்துவர் ஒருவர் பதிவு செய்தார். 1948இல் டென்மார்க்கின் ஹால்டும் யாகப்சனும் டைசல்பிராமை மருந்தாக அறிவித்தனர். உடலில் மது முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சாக மாறிப் பின்னரே சிதைகிறது. அச்சிதைவை இம்மருந்து தடுப்பதால், குடித்தவர்க்கு முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். வேட்கையை இது தணிப்பதில்லை. அச்சத்தைக் காவல் வைக்கிறது.

நால்ட்ரெக்சோன் வேறு வழியில் இயங்குகிறது. மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளை அடைத்து, மது தரும் இன்பத்தைக் குறைக்கிறது. அகாம்புரோசேட், குடியை விட்டவர்க்கு மீண்டும் எழும் வேட்கையைத் தணிக்க உதவுகிறது.

நம் மாணவர் ஒருவரின் தாயார், “அவருக்குத் தெரியாம குழம்புல கலக்க ஏதாச்சும் தூள் இருக்குங்களா சார்?” என்று வினவியதுண்டு. அவர் துயரம் நமக்குப் புரிந்தது. ஆயினும் அச்செயல் கொடிது. டைசல்பிராம் உட்கொண்டதை அறியாது மிகுதியாகக் குடிப்பவரின் குருதியழுத்தம் வீழ்ந்து உயிரே போகலாம். “மருந்து குடியை நிறுத்தும்” என்னும் தொடரில் மருந்தே எழுவாய்; குடிப்பவருக்கு அங்கு இடமே இல்லை. இக்குறை இலக்கணத்தோடு நிற்கவில்லை. ‘குடிகாரன்’ என்று அழைக்கப்படுபவர் மருத்துவமனை வாயிலை மிதிக்க நாணுவார். தமிழக மருத்துவ வழக்கில் பயிலும் ‘குடிநோயாளி’ என்னும் சொல்லை நாம் பரிந்துரைப்பது இதனாலேயே.

ஒன்று கூறல் வேண்டும். பல்லாண்டு நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் நேரலாம். ஆதலின், முதற்சில நாள்கள் மருத்துவர் கண்காணிப்பில் கழிய வேண்டும். மேற்கூறிய மருந்துகளுள் எது பொருந்தும் என்பதை ஈரலையும் சிறுநீரகத்தையும் ஆய்ந்து அவரே முடிவு செய்வார்.