கம்பி முடியும் இடத்தில்

மழைக்கு முந்தைய காற்று அடித்தாலே எங்கள் கோவிலம்பாக்கத்தில் கரண்ட் போய்விடும். மின்விசிறி லேசாகத் தளரும், இன்வெர்ட்டர் 'டக்' என்று ஒரு சத்தம் போடும், விசிறி மறுபடி வேகம் பிடிக்கும். ஆனால் தண்ணீர் மோட்டார் ஓடாது, கிரைண்டரும் ஓடாது. "எலக்ட்ரிக் ரயிலுக்கு இப்படி ஓர் இன்வெர்ட்டர் உண்டா?" என்று தாம்பரத்திலிருந்து ஒரு பள்ளி மாணவி எழுதிக் கேட்டிருக்கிறாள்.

உண்டம்மா. உங்கள் ஊர்ப் பாதையிலேயே இருந்தது. 1931-இல் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதை மின்மயமானபோது, கூட்ஸ் வண்டி இழுக்க வந்த எஞ்சின்களுக்குப் பேட்டரி அடுக்கிய டெண்டரும் (எஞ்சினோடு இணைக்கும் துணை வண்டி) உண்டு. கம்பி இல்லாத சைடிங் என்னும் பக்கப் பாதைக்குள் நுழையும்போது பேட்டரிதான் துணை. சரக்கு ஏற்றும் இடத்தில் தலைக்கு மேல் கம்பி இழுக்க முடியாது. கிரேன் எப்படிப் பெட்டியைத் தூக்கும்?

பேட்டரிக்குப் பதில் சின்ன டீசல் எஞ்சினை உள்ளேயே வைத்துவிட்டால் அது எலக்ட்ரோ-டீசல். எனக்கு மிகப் பிடித்தது இங்கிலாந்தின் 'கிளாஸ் 73'. அந்நாட்டின் தென்பகுதி ரயில்வேக்கென்று 1962 முதல் 1967 வரை 49 எஞ்சின்கள் கட்டினார்கள். அங்கே மின்சாரம் மேலே கம்பியில் வராது. பாதையின் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தண்டவாளம் கிடக்கும், அதில் 750 வோல்ட். எஞ்சினின் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் 'ஷூ' அதை உரசிக்கொண்டே போகும். ஆட்கள் நடமாடும் யார்டிலும் துறைமுகத்திலும் அப்படி ஒரு தண்டவாளத்தைப் போட்டு வைக்க முடியுமா? அங்கெல்லாம் டீசல். மின்சாரத்தில் 1600 குதிரைத்திறன், டீசலில் வெறும் 600. எங்கள் வீட்டுக் கணக்கேதான்: விசிறி சுற்றும், மோட்டார் ஓடாது.

தென்பகுதியை விட்டால் பிழைக்காது என்று தோன்றும் இந்த எஞ்சின் வெளியூர் போன கதைதான் எனக்கு ஆச்சரியம். 1990-களில் மிகப் பழையவற்றில் சில வடமேற்கே லிவர்பூல் பக்கம் போயின. அங்கும் மூன்றாம் தண்டவாளம் இருந்ததால் அது அந்நிய ஊராக இல்லை. இலையுதிர் காலத்தில் நசுங்கிய இலைகள் தண்டவாளத்தில் எண்ணெய்போல் ஒட்டிச் சக்கரத்தை வழுக்க வைத்துவிடும். அதற்கு மணல் கலந்த களிம்பைப் பூசிக்கொண்டு போகும் வேலை இவற்றுக்கு.

அதன்பின் ஸ்காட்லாந்து. அரை நூற்றாண்டு உழைத்த சிலவற்றைப் பிரித்து, 600-ஐ எடுத்துவிட்டு 1600 குதிரைத்திறன் டீசலைப் பொருத்தினார்கள். 2016 முதல் லண்டனிலிருந்து வரும் இரவு ரயிலை எடின்பரோவில் வாங்கி, இன்வர்னஸுக்கும் அபர்டீனுக்கும் ஃபோர்ட் வில்லியமுக்கும் இழுத்துப் போகின்றன. ஃபோர்ட் வில்லியம் வழியில் 408 மீட்டர் உயரத்தில் கோரூர் என்று ஒரு ஸ்டேஷன். சுற்றிலும் வெறும் சதுப்பு நிலம், கார் போகப் பொதுச்சாலைகூடக் கிடையாது. அந்தப் பாதை முழுக்க மூன்றாம் தண்டவாளம் ஓர் அடிகூட இல்லை. அவசரத்துக்கு என்று வைத்த டீசலே அங்கே முழுநேரப் பிழைப்பு. ஏற்றத்தில் துணைக்கு இன்னொரு டீசல் எஞ்சினும் சேர்ந்து இழுத்ததுண்டு.

பழசு என்று உடைத்துப் போடாமல், வேறு ஊரில் வேறு வேலைக்கு ஆகுமா என்று பார்த்தார்களே, அதை மதிக்கிறேன். நம் நாட்டிலும் வாரணாசித் தொழிற்சாலை கம்பியிலும் டீசலிலும் ஓடும் எஞ்சினைக் கட்டிக் காட்டியிருக்கிறது. ஆனால் அது பரவலாகவில்லை. கம்பி முடிகிற கடைசி அரைக் கிலோமீட்டருக்காக ஒரு டீசல் எஞ்சினைத் தனியே நிறுத்தி, வேலை இல்லாத நேரத்திலும் உறுமவிட்டு எண்ணெயை எரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏறக்குறைய பாதை முழுக்கக் கம்பி போட்டுவிட்ட நாம் அந்த அரைக் கிலோமீட்டரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1931-லேயே தாம்பரம் பாதையில் சேர்த்திருந்தார்கள்.

அந்த மீட்டர் கேஜ் எஞ்சின்களில் ஒன்று டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவுக்கு அந்தப் பக்கம் போனால் தேடிப் பார், அம்மா.