இடப்பக்கம் திரும்ப ஒரு லேன்

பெரியப்பாவுக்கு இஞ்சி தட்டிப் போட்ட டீ வேண்டும், பால் கொஞ்சம் குறைவாக. வர்ஜீனியாவில் எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே சமையலறை ஜன்னலோரம் அவருக்கென்று ஒரு நாற்காலி அமைந்துவிட்டது. அங்கிருந்து பார்த்தால் தெருமுனைச் சிக்னல் தெரியும். பள்ளி விடும் நேரத்தில் இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் கார்கள், நேரே போக வேண்டிய கார்களையும் சேர்த்து மறித்துக்கொண்டு நிற்கும். திரும்புவதற்குத் தனி லேன் கிடையாது. தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவருக்கு அது பொறுக்கவில்லை.

"ஏம்மா, ஒரு நூறு மீட்டர் அகலப்படுத்தினா முடிஞ்சுது. இதுக்கு எஸ்டிமேட் போட ரெண்டு நாள் ஆகுமா?"

எஸ்டிமேட் சீக்கிரம் போட்டுவிடலாம். அந்த லேன் ஆறு ஆண்டுப் பட்டியல் ஒன்றில் இடம்பிடிப்பதுதான் நீண்ட கதை. அதை அவருக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கும் சொல்கிறேன்.

முதலில், அது யாருடைய சாலை? அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஊருக்குள் இருக்கும் சாலை அந்தந்தக் கவுண்டி என்ற உள்ளாட்சிக்கோ நகராட்சிக்கோ சொந்தம். வர்ஜீனியா வேறு மாதிரி. 1932இல் வந்த பர்ட் சாலைச் சட்டம், பொருளாதார மந்தத்தில் திணறிய கவுண்டிகளின் சாலைகளை மாநிலத்தின் பொறுப்பில் கொண்டுவந்தது. கவுண்டிகளில் இன்று ஆர்லிங்டனும் ஹென்ரைக்கோவும் மட்டுமே தங்கள் சாலைகளைத் தாங்களே வைத்திருக்கின்றன. ஆக, எங்கள் வீட்டு வாசல் தெருவில் குழி விழுந்தாலும் மாநிலப் போக்குவரத்துத் துறைதான் வந்து அடைக்க வேண்டும். வி-டாட் என்று இங்கே எல்லோரும் சொல்வது அந்தத் துறையைத்தான்.

பொறுப்பு இவ்வளவு பரந்திருப்பதால், கைக்கு வரும் பணத்தில் பராமரிப்பு முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறது. இருக்கும் பாலம் விழாமல் பார்ப்பதற்கும், இருக்கும் சாலைக்கு மேல்பூச்சு போடுவதற்கும் எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதுதான் புதுக் கட்டுமானத்துக்கு. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் 2000களில் அந்த மிச்சம் ஆண்டுக்காண்டு கரைந்தது. கட்டுமானத்துக்கு வைத்த பணத்தையே எடுத்துப் பராமரிப்பில் போடும் நிலை வந்தது.

ஏன் கரைந்தது? வர்ஜீனியாவில் பெட்ரோல் வரி அப்போது கேலனுக்கு 17.5 சென்ட்டாக இருந்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து 2013 வரை அது அசையவே இல்லை. கேலனுக்கு இத்தனை சென்ட் என்று கட்டிவைத்த வரி, விலைவாசி ஏறும்போது கூட ஏறாது. தாரும் ஜல்லியும் இரும்பும் கூலியும் ஏறிக்கொண்டே இருந்தன. மத்திய அரசின் கதையும் இதேதான். 1956இல் நாடு தழுவிய நெடுஞ்சாலைகளுக்காக ஒரு அறக்கட்டளை நிதி தொடங்கினார்கள். பெட்ரோல் வரி நேரே அதற்குள் போகும். அந்த மத்திய வரி 1993இலிருந்து கேலனுக்கு 18.4 சென்ட்டிலேயே நிற்கிறது. 2008 முதல் பொதுக் கருவூலத்திலிருந்து பணம் கொண்டுவந்து அந்த நிதியை நிரப்புகிறார்கள்.

"மத்திய அரசு எத்தனை பங்கு தரும்?" என்றார் பெரியப்பா.

வழக்கமாக நூற்றுக்கு எண்பது. இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை என்றால் தொண்ணூறு வரை. ஆனால் அது முன்பணமாக வருவதில்லை. மாநிலம் தன் கையிலிருந்து ஒப்பந்தக்காரருக்குப் பில் தொகையைக் கொடுத்துவிட்டு, பிறகு மத்திய அரசிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. வாஷிங்டன் தருவது, இந்த ஆண்டு இந்த அளவுவரை பில் அனுப்பலாம் என்ற வாக்கு. மத்தியப் பணம் தொடும் வேலை எதுவானாலும் நான்கு ஆண்டு மாநிலத் திட்டப் பட்டியலில் அதன் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலின் மொத்தச் செலவு, நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வரவுக்குள் அடங்கவும் வேண்டும். 1991இல் வந்த மத்தியச் சட்டம் போட்ட கட்டுப்பாடு இது. எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒரு விதிதான். பணம் இல்லாத வேலையின் பெயரைப் பட்டியலில் எழுதுவது, அந்தச் சாலையை நம்பி வீடு வாங்குகிறவருக்கும் கடை போடுகிறவருக்கும் பொய் சொல்வதற்குச் சமம் என்று நான் நினைக்கிறேன்.

வர்ஜீனியா அந்தப் பொய்யை வெகுகாலம் சொன்னது. மாநிலத்துக்கென்று தனியாக ஓர் ஆறு ஆண்டுத் திட்டம் உண்டு. ஆளுநர் நியமிக்கும் மாநிலப் போக்குவரத்து வாரியம் ஒவ்வொரு ஜூன் மாதமும் அதை நிறைவேற்றும். ஒரு காலத்தில் அதில் பெயர்கள் குவிந்து கிடந்தன. பலவற்றுக்கு வரைபடம் போடப் பணம் இருக்கும், நிலம் எடுக்க இருக்காது. நிலம் எடுத்திருப்பார்கள், கட்டப் பணம் இருக்காது. மூன்று நெடுஞ்சாலைகள் பின்னிக்கொள்ளும் ஸ்பிரிங்ஃபீல்ட் சந்திப்பு எங்கள் வீட்டிலிருந்து தொலைவில்லை. தொடக்க மதிப்பீட்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேலாகி, சுமார் 67 கோடி டாலரில் 2007இல்தான் அது முடிந்தது. 2002இல் துறையின் ஆணையராக வந்த ஃபிலிப் ஷூசெட், எந்த வேலை தவணைப்படி நடக்கிறது, எது பின்தங்குகிறது என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளாக இணையத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார். ஆறு ஆண்டுத் திட்டமும் அந்த ஆண்டில் பெரிதும் வெட்டப்பட்டது. அது ஊரெங்கும் கசப்பை உண்டாக்கியிருக்கும். ஆனால் அன்றுதான் பட்டியல் உண்மைக்குப் பக்கத்தில் வந்தது.

அப்படியும் ஒரு பெரிய அடி பாக்கி இருந்தது. பீட்டர்ஸ்பர்க் பக்கத்திலிருந்து சஃபக் வரை 460ஆம் எண் நெடுஞ்சாலை ஓடுகிறது. அதற்கு இணையாகச் சுமார் 55 மைலுக்குப் புதிதாக ஒரு சுங்கச்சாலை போட ஆளுநர் பாப் மெக்டானலின் அரசு 2012 இறுதியில் ஒப்பந்தம் செய்தது. மதிப்பு 140 கோடி டாலர். அந்தத் தடத்தில் சதுப்பு நிலம் நிறைய. சதுப்பை மூட வேண்டுமென்றால் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி வேண்டும். தூய நீர்ச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்த அனுமதி கைக்கு வருமுன்பே ஒப்பந்தக்காரருக்குத் தவணை தவணையாகப் பணம் போகத் தொடங்கிவிட்டது. அனுமதியோ வரவில்லை. 2014 மார்ச்சில் புதிய ஆளுநர் டெர்ரி மெக்காலிஃபின் அரசு வேலையை நிறுத்தியது, மறு ஆண்டு ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. அதற்குள் 25 கோடி டாலருக்கும் மேல் செலவாகியிருந்தது. பேசித் தீர்த்ததில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. சாலை ஒரு மைல்கூடப் போடப்படவில்லை.

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "பெர்மிஷன் வராம பேமென்ட்டா? எம்.புக்ல என்னன்னு எழுதுனாங்க?"

அளவுப் புத்தகத்தில் ஏற்றாமல் ஒரு வண்டி ஜல்லிக்குக்கூடப் பில் போடாத தலைமுறை அவருடையது. என்னிடம் பதில் இல்லை. அன்று ஒப்புதல் கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும் அவர் கேட்ட இந்தக் கேள்வியைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

அந்த 2014இலேயே வர்ஜீனியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. முன்மொழிந்தவர் குடியரசுக் கட்சிக்காரர், கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சி ஆளுநர். முந்தைய ஆண்டுதான் வரி அமைப்பை மாற்றி, சாலைகளுக்குப் புதிய பணத்துக்கு வழி செய்திருந்தார்கள். அந்தப் பணம் எந்தச் சாலைக்குப் போக வேண்டும் என்பதை, யாருக்கு யாரைத் தெரியும் என்பதை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது, மதிப்பெண் போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும் என்றது சட்டம். ஸ்மார்ட் ஸ்கேல் என்று அந்த முறைக்குப் பெயர் வைத்தார்கள்.

கவுண்டி, நகரம், வட்டாரத் திட்டக் குழு, பேருந்து நிறுவனம் போன்றவை விண்ணப்பிக்கலாம். சாலையைக் கட்டிக் காக்கும் வி-டாட் தானே விண்ணப்பிக்க முடியாது. விபத்து எவ்வளவு குறையும், நெரிசல் எவ்வளவு குறையும், எத்தனை பேருக்கு வேலையிடங்கள் எட்டும் தூரத்துக்கு வரும், சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும், தொழில் வளருமா, நிலப் பயன்பாட்டுக்கு ஒத்துப்போகுமா என்று எல்லாவற்றையும் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். பெருநகரில் நெரிசலுக்கு எடை கூடுதல். கிராமப்புறத்தில் தொழில் வளர்ச்சிக்கும் பாதுகாப்புக்கும்.

அடுத்து வருவதுதான் கூர்மையான இடம். கிடைத்த பயனை, மாநிலத்திடம் கேட்கும் தொகையால் வகுக்கிறார்கள். ஒரு கோடி டாலருக்கு எவ்வளவு பயன் என்பதே கணக்கு. ஒரு பெரிய மேம்பாலம் 40 பயன் தருகிறது, 10 கோடி கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: மதிப்பெண் 4. ஒரு சின்ன ரவுண்டானா 5 பயன்தான் தருகிறது, ஆனால் 50 லட்சம் போதும் என்கிறது: மதிப்பெண் 10. ரவுண்டானா ஜெயித்துவிடும். ரிப்பன் வெட்டுவதற்கு மேம்பாலம்தான் எடுப்பாக இருக்கும். உயிர் காப்பதில் பல சமயம் ரவுண்டானாவும் நடைபாதையும் இடது திரும்பு லேனும் கொடுத்த காசுக்கு மேல் வேலை செய்யும். அதை எண்ணாகக் காட்டும் துணிவு இந்த முறைக்கு உண்டு. மதிப்பெண்கள் எல்லாம் வெளியில் வைக்கப்படுகின்றன. வாரியம் அந்த வரிசையிலிருந்து விலகலாம், ஆனால் எல்லோருக்கும் தெரியத்தான் விலக முடியும்.

அந்த வகுத்தலுக்குள் ஒரு சங்கடமும் ஒளிந்திருக்கிறது. மேம்பாலத்துக்குத் தேவையான 10 கோடியில் 6 கோடியைக் கவுண்டியே போட்டு, 4 கோடி மட்டும் மாநிலத்திடம் கேட்டால் மதிப்பெண் 10 ஆகிவிடும். கையில் காசு உள்ளவன் மேலே ஏறுகிறான். வாஷிங்டனை ஒட்டிய எங்கள் வட வர்ஜீனியாவுக்கும் கடற்கரை ஹாம்ப்டன் ரோட்ஸுக்கும் தனி வட்டார வரிகள் உண்டு. ஹாம்ப்டன் ரோட்ஸில் 300 கோடி டாலருக்கும் அதிகமான செலவில் கடலடிச் சுரங்கப்பாதையை விரிவாக்குகிறார்கள். அதில் பெரும்பகுதி வட்டார வரியிலிருந்து வருகிறது. ஸ்மார்ட் ஸ்கேலில் கேட்டு வாங்கியது 20 கோடிதான். தென்மேற்கு மலைப்பக்கத்துச் சின்னக் கவுண்டி இந்த உத்திக்கு எங்கே போகும்? விண்ணப்பம் எழுதத் தனி ஆள் வைக்கவே அங்கே கஷ்டம். இதைத் தெரிந்துதான் மாநிலத்தின் ஒன்பது வட்டங்களுக்கும் தனித்தனியே ஒரு பங்கை ஒதுக்கி, அந்தந்த வட்டத்துக்குள்ளேயே போட்டியிட விடுகிறார்கள். மாநிலம் முழுவதற்குமான பொதுப் போட்டி தனி. இது ஓரளவுக்குத்தான் ஈடு என்பது என் எண்ணம்.

"சரி, நம்ம லேன்?"

விண்ணப்பம் இரட்டைப்படை ஆண்டுகளில். மதிப்பெண் அடுத்த ஆண்டு ஜனவரி வாக்கில் வரும், வாரியம் ஜூனில் நிறைவேற்றும். தேர்வான வேலைக்கு முழுப் பணமும் ஆறு ஆண்டுக்குள் காட்டப்பட்டிருக்க வேண்டும், ஆனால் பெரும்பாலும் அது ஐந்தாம் ஆறாம் ஆண்டில்தான் கைக்கு வரும். அதற்குள் சர்வே, வடிவமைப்பு, சுற்றுச்சூழல் ஆய்வு, பொது விசாரணை, நிலமெடுப்பு, மின்கம்பமும் எரிவாயுக் குழாயும் நகர்த்துவது, பிறகு டெண்டர். மின்கம்பம் நகர்த்துவதில் எத்தனை மாதம் போகும் என்று பெரியப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதை மட்டும் இரண்டு நாடுகளுக்கும் பொதுவாக அவரே தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

இவ்வளவுக்கும் முன்னால், நூற்றுக்கணக்கான சந்திப்புகளில் எங்கள் தெருமுனையையும் ஒன்றாகக் கவுண்டி தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குக் கவுண்டி மேற்பார்வைக் குழுவில் எங்கள் பகுதிக்கான உறுப்பினரின் அலுவலகத்தில் போய்ச் சொல்ல வேண்டும். வெறுங்கையோடு போனால் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

பெரியப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பள்ளி விடப் பத்து நிமிடம் இருந்தது. ஒரு தாளும் பேனாவும் கேட்டார். தாளின் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் 'நேர்' என்றும் மறுபக்கம் 'திரும்பு' என்றும் எழுதிக்கொண்டு, நாற்காலியை ஜன்னலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.