தெளிந்த நீரில் மறைந்த நஞ்சு

ஹல்துமுல்லையில் அடைமழை பெய்த மறுநாள் பீலித் தண்ணீர் கலங்கி வரும். குடத்தில் பிடித்து வைத்தால் மாலைக்குள் தெளிந்துவிடும். "கண்ணாடி மாதிரி இருக்கே புள்ள, இதையுமா கொதிக்க வெக்கணும்?" என்பார் உம்மம்மா. சென்ற வருடம் அப்படியே குடித்து, வயிற்றோட்டத்தால் மூன்று நாள் படுத்துவிட்டார். நல்ல வேளை, அது கொலரா அல்ல. ஆனால் கண்ணுக்குத் தெரியாத நஞ்சை எப்படிக் கண்டறிகிறார்கள் என்று நான் தேடத் தொடங்கியது அன்றுதான்.

கொலராவுக்குக் காரணமான கிருமியை 1884 இல் கல்கத்தாவில் வைத்து ரொபேர்ட் கோச் உறுதிப்படுத்தினார். அது நஞ்சு ஒன்றைச் சுரக்கலாம் என்றும் ஊகித்தார். அதனை நிரூபித்தவர் அதே கல்கத்தாவைச் சேர்ந்த நோயியல் பேராசிரியர் சம்பு நாத் டே. அவர் கிருமிகளை வளர்த்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத அந்த வடிதிரவத்தை முயலின் சிறுகுடலில் கட்டப்பட்ட ஒரு பகுதிக்குள் செலுத்தினார். குடல் நீரால் வீங்கியது. நோயாளியின் உடல்நீரை வெளியேற்றுவது நஞ்சே என்பது 1959 இல் உலகுக்குத் தெரிந்தது.

இந்த நஞ்சு ஒரு புரதம். அதன் ஐந்து B துணையலகுகள் குடற்கலத்தைப் பற்றிக்கொள்ள, ஒரு A துணையலகு உள்ளே நுழைந்து வேலையைக் காட்டுகிறது.

வீரியம் நீக்கிய நஞ்சை முயலுக்கு ஏற்றினால், அதன் குருதியில் பிறபொருளெதிரிகள் உருவாகும். பூட்டுக்கேற்ற சாவி போல அவை அந்த நஞ்சையே பற்றும். ஆய்வுகூடத்தில் சிறு குழிகள் கொண்ட தட்டில் மாதிரியை இட்டு, பிறபொருளெதிரியைச் சேர்த்து, ஒட்டாததைக் கழுவிவிடுவார்கள். பின்னர் நொதியம் இணைத்த இரண்டாவது பிறபொருளெதிரி சேர்க்கப்படும். நஞ்சு இருந்தால் நிறம் தோன்றும். 1971 இல் சுவீடனில் அறிமுகமான எலைசா முறை இதுவே. நஞ்சு இல்லையென்று தெரிந்த ஒரு குழியும் அருகே இருக்க வேண்டும். அதிலும் நிறம் வந்தால் சோதனையை நம்ப முடியாது.

கிருமியைக் கண்டால் போதாதா? போதாது. நீர்நிலைகளில் வாழும் இவ்வினப் பற்றீரியாக்கள் பல இந்த நஞ்சைச் சுரப்பதே இல்லை. கிருமி இருக்கிறதா, நஞ்சு இருக்கிறதா என்பவை வெவ்வேறு கேள்விகள்.

ஆய்வுக்கான இந்தப் பிறபொருளெதிரி நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தல்ல. வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி கரைத்துக் கொடுத்து வைத்தியரிடம் செல்ல வேண்டும். வராமல் தடுக்கக் கொதித்தாறிய நீரே துணை.

இதை உம்மம்மாவுக்கு விளக்கினேன். "அப்போ தெளிவா இருக்குறது சாட்சியில்ல, இல்லையா?" என்று கேட்டுவிட்டு, கேத்தலை அடுப்பில் வைத்தார்.