சிறுமலை அடிவாரத்தில் மனையா? முதலில் தெருவைப் பாருங்கள்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் சாலையில் போனால் வலப்பக்கம் சிறுமலை கூடவே வரும். சாலையின் இரு பக்கமும் கல் ஊன்றிய மனைப்பிரிவுகளும் வரும். ‘மலைக்காற்று, முப்பதடி ரோடு, நல்ல தண்ணீர்’ என்று பலகை வைத்திருப்பார்கள். நீங்களும் இறங்கிப் போய்ப் பார்க்கிறீர்கள். வாசல் எந்தத் திசை, சென்ட் என்ன விலை, போர் எத்தனை அடி என்று எல்லாம் விசாரிக்கிறீர்கள். தெருவை மட்டும் யாரும் அளந்து பார்ப்பதில்லை.

அதனால் என்ன என்கிறீர்களா? வீட்டை நாளைக்கு இடித்துக் கட்டலாம், போரை வேறு மூலையில் போடலாம். தெருவை அப்படிச் செய்ய முடியாது. எல்லா மனையும் விற்றுப் பத்திரமான பிறகு அதை ஓர் அடிகூட அகலமாக்க முடியாது.

தெரு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இதற்கு அளவு சொல்கின்றன. மனைப்பிரிவுக்குள் ஒரு சின்னத் தெருவுக்கே 7.2 மீட்டர் வேண்டும். அடியில் சொன்னால் இருபத்து மூன்றரை. தெருவின் நீளம் கூடக் கூட அகலமும் 9 மீட்டர், 12 மீட்டர் என்று ஏற வேண்டும். ‘முப்பதடி ரோடு’ என்று பலகையில் எழுதுவது இந்த 9 மீட்டரைத்தான்.

7.2 மீட்டர் போதாதா, இரண்டு வண்டி தாராளமாகப் போகுமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரு பக்கமும் சாக்கடை, ஒரு பக்கம் மின்கம்பம். இவை போக வண்டி ஓடக் கிடைப்பது ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். ஒரு பக்கம் கார் நிறுத்தினால் 1.8 மீட்டர் போய்விடும். மீதி இடத்தில் தீயணைப்பு வண்டி நுழையும், ஏனென்றால் நம் மோட்டார் வாகன விதிப்படி எந்த லாரியும் 2.6 மீட்டருக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் கார் நின்றால்? மிஞ்சுவது இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. ஆம்புலன்ஸே திணறும்.

இதில் இன்னொன்றும் சேரும். வீட்டு வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கும் சாய்தளத்தை (பைக் ஏற்றும் சிமெண்ட் சரிவு) சாக்கடையைத் தாண்டி மூன்றடி நீட்டிப் போடுவார்கள். முதல் வீட்டுக்காரர் போட்டதும் எதிர்வீட்டுக்காரரும் போடுவார். ஐந்து வருடத்தில் 7.2 மீட்டர் தெரு ஒற்றை வண்டிப் பாதையாகிவிடும். அதனால் சாய்தளத்தை உங்கள் மனைக்குள்ளேயே முடியும்படி கட்டுங்கள். தரைமட்டத்தை முடிவு செய்யும்போதே இதையும் மேஸ்திரியிடம் சொல்லிவிட வேண்டும்.

அளக்கும்போது தார் போட்ட இடத்தை அளக்காதீர்கள். இந்தப் பக்கத்து மனைக்கல்லிலிருந்து அந்தப் பக்கத்து மனைக்கல்வரை டேப்பைப் பிடியுங்கள். தெருவின் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் அளந்தால் நல்லது.

நம் தெருவில் அப்படி எத்தனை வண்டி வந்துவிடப் போகிறது?

பக்கத்து உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். இலங்கைத் தமிழர்களுக்காகத் தோட்டனூத்தில் அரசு கட்டிய 321 வீடுகளை 2022 செப்டம்பர் 14 அன்று முதலமைச்சர் திறந்து வைத்தார். தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி என மூன்று முகாம்களில் இருந்த குடும்பங்கள் ஒரே இடத்துக்கு வந்தன. அந்த அளவில் ஒரு குடியிருப்பில், காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் வீட்டுக்கு ஒரே ஒரு பைக் வெளியே கிளம்புவதாக வையுங்கள். பதினோரு நொடிக்கு ஒரு வண்டி. பள்ளி வேன், பால் வண்டி, கூரியர் எதையும் இதில் சேர்க்கவில்லை. அத்தனையும் ஒரே வாசல் வழியாகப் பெரிய சாலையில் ஏற வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே மனைப்பிரிவு வரைபடத்தைக் கையில் வாங்கியதும் வெளியே போக எத்தனை வழி என்று எண்ணுங்கள். ஐம்பது மனைக்கு மேல் இருந்து ஒரே வழிதான் என்றால் நான் யோசிப்பேன். இரண்டாவது வழி சின்ன ஊராட்சிச் சாலையில் போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்லை. ஒரு வழியில் குழாய்க்குத் தோண்டினால் அடுத்த வழியாக வெளியே வர முடிய வேண்டும்.

பெரிய சாலையில் ஏறும் முக்கையும் போய்ப் பாருங்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. சிறுமலைக்குப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற கூட்டம் விடுமுறை நாளில்தான் வரும். புதன்கிழமை மதியம் தரகர் காட்டும் சாலையும் ஞாயிறு மாலைச் சாலையும் ஒன்றல்ல. பைக்கில் நின்றபடி இரு பக்கமும் வருகிற வண்டி தெரிகிறதா பாருங்கள். தெரு முக்கில் இருக்கும் மனைகளின் மூலையைச் சாய்வாக வெட்டி விட வேண்டும் (இதை ஸ்ப்ளே என்பார்கள்) என்று விதி இருப்பது இதற்காகத்தான். கார்னர் மனை வாங்குகிறவர்கள் கவனிக்க: அந்த வெட்டு போகத்தான் உங்கள் அளவு. அதையும் சேர்த்து மதில் எழுப்பினால் திரும்புகிறவனுக்கு எதிரே வருகிற பிள்ளை தெரியாது.

தெருக்குத்து மனையை வாங்கலாமா?

இதைக் கேட்காதவர்கள் குறைவு. நேராக வரும் தெரு உங்கள் வாசலில் வந்து முட்டினால் அது தெருக்குத்து. ஆகாது என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், சாலைப் பொறியாளர்களுக்கு இந்த முட்டு முக்குதான் பிடிக்கும். நான்கு தெரு சந்திக்கும் இடத்தில் வண்டியும் வண்டியும் உரசிக்கொள்ளச் சாத்தியமான புள்ளிகள் 32 என்று அவர்கள் பாடத்தில் எண்ணி வைத்திருக்கிறார்கள். மூன்று தெரு முட்டும் இடத்தில் அது 9தான். அதோடு, முட்டும் தெருவில் வருகிறவன் எப்படியும் வேகம் குறைத்துத் திரும்பியாக வேண்டும்.

ஆனால் முட்டும் மனை விலை போகாது. அதனால் மனை போடுகிறவர்கள் முட்டு முக்கையே தவிர்த்துவிட்டு, நாற்சந்தி நாற்சந்தியாகக் கோடு இழுத்துவிடுகிறார்கள். நம்முடைய பயத்தால் நமக்கே ஆபத்தான தெரு கிடைக்கிறது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக (பூங்கா, விளையாட்டுத் திடல்) ஒதுக்கியே ஆக வேண்டும். அந்தப் பூங்காவைத் தெரு முட்டும் இடத்தில் வைத்துவிட்டால் யார் வாசலிலும் குத்து இல்லை. ஊர்களில் அந்த இடத்தில் பிள்ளையாரை வைத்தார்கள், அதுவும் நல்ல ஏற்பாடுதான். நீங்கள் பார்க்கும் வரைபடத்தில் பூங்கா எங்கே இருக்கிறது? விற்காத கோணல் மூலையில் ஒதுக்கப்பட்டிருந்தால், வரைந்தவர் தெருவைப் பற்றி யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

நீளமான நேர்த் தெரு நல்லதுதானே?

பார்க்க நன்றாக இருக்கும், முறுக்கவும் நன்றாக இருக்கும். சராசரி வேகம் 1% கூடினால் உயிர் போகும் விபத்தின் அபாயம் 4% கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகள் ஆடும் தெருவுக்கு மணிக்கு 30 கிலோமீட்டரே அதிகபட்சம்.

உடனே வேகத்தடை போடலாம் என்பீர்கள். போடலாம். ஆனால் கொத்தனார் கண்ணளவில் குவித்து வைக்கும் சிமெண்ட் மேடு வேகத்தடை ஆகாது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் (சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பு) சொல்லும் அளவு, போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் இடுப்பு நோகாது. அரை மீட்டர் அகலத்தில் செங்குத்தாக நிற்கும் மேட்டில் கர்ப்பிணியை ஆட்டோவில் ஏற்றிப் போனவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

மழைக்குத் தெருவில் என்ன வேலை?

மலை அடிவாரத்தில் நிறைய வேலை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சிறுமலைச் சரிவில் இறங்கும் தண்ணீர் ஓடைகள் வழியாகத்தான் சமவெளிக்கு வருகிறது. வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடப்பதால் ஓடை வெறும் பள்ளமாகத் தெரியும். அதை நிரவி மனை போட்டால், மலையிலிருந்து நேராக இறங்கும் தெருவே ஓடையாகும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் (ஒரு சர்வே எண்ணின் அளவு வரைபடம்) கேளுங்கள். வருவாய்த்துறையின் இணைய சேவையிலும் கிடைக்கும். அதில் ஓடைப் புறம்போக்கு எங்கே ஓடுகிறது, மனைப்படத்தில் அது எங்கே போயிற்று என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெரு ஓடையைக் கடக்கும் இடத்தில் சிறுபாலம் இருக்க வேண்டும். ஒற்றைக் குழாயைப் புதைத்து மண் மூடியிருந்தால் ஒரு நல்ல மழைக்கு அது தாங்காது.

அதே புலப்படத்தில் இன்னொன்றும் தெரியும். பெரிய சாலையிலிருந்து மனைப்பிரிவுவரை வரும் வழி அரசுப் பாதையா, யாரோ ஒருவர் பட்டா நிலத்தின் வண்டிப்பாதையா? பின்னதாக இருந்தால் உள்ளே முப்பதடி இருந்து பயனில்லை. அணுகுசாலை என்ன அகலமோ அதுதான் உங்கள் வீட்டுக்கு வரும் லாரியின் அகலம்.

கடைசியில், தெரு யாருடையது?

பணம் போகும் இடம் இது. நகர் ஊரமைப்பு இயக்ககம் (மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தரும் துறை) படத்தை ஏற்ற பிறகு, சாலைகளையும் திறந்தவெளியையும் ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ தானப் பத்திரமாக (விலை வாங்காமல்) எழுதித் தர வேண்டும். அதன் பிறகுதான் உள்ளாட்சி இறுதி அனுமதி தரும். எழுதித் தராத தெரு, காகிதத்தில் இன்னும் மனை போட்டவருடைய நிலம். விளக்கு எரியவில்லை, தார் பெயர்ந்துவிட்டது என்று நீங்கள் மனுக் கொடுத்தால், ‘அது எங்கள் சாலை இல்லையே’ என்று பதில் வரும்.

தானப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தெரு பக்கத்து நிலத்தின் எல்லைவரை எழுதப்பட்டிருக்கிறதா பாருங்கள். சிலர் கடைசியில் ஓர் அடியைத் தம் பெயரில் நிறுத்திக்கொள்வார்கள். நாளைக்குப் பக்கத்தில் மனை போடுகிறவர் தெருவை இணைக்க வந்தால் அந்த ஓரடிக்கு விலை பேசலாம் அல்லவா! அந்தப் பேரம் படியாதவரை உங்கள் தெரு முட்டுச் சந்துதான்.

பழைய அங்கீகாரமில்லாத மனை என்றால்? அப்படிப்பட்ட மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்றவற்றுக்கு 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. வரன்முறை ஆன மனையைப் பதியலாம், வங்கிக் கடனும் கேட்கலாம். ஆனால் அந்த முத்திரை பதினாறடித் தெருவை இருபத்து நான்கடி ஆக்காது. விலை பேசும்போது அதைக் கழித்துப் பேசுங்கள்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும். அங்கீகரித்த வரைபடத்தை அதன் இணையதளத்திலேயே பார்க்கலாம். தரகர் கொடுத்த வண்ணப் படத்தை மடித்து வைத்துவிட்டு, இதை அச்செடுத்துக்கொண்டு டேப்போடு போங்கள். முன்பணம் அதற்கப்புறம் கொடுக்கலாம்.