ஸ்பார்க் பிளக்கை எவ்வளவு இறுக்கலாம்?

மார்கழியில் மழை முன்கூட்டியே நின்றுவிடுமாயின், கண்மாயில் எஞ்சிய நீரை எஞ்சின் பம்பினால் இறைத்து நெற்பயிரைக் காப்பது திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து விவசாயிகளின் வழக்கம். அந்த ஒரு வாரத்தில் எஞ்சின் நின்றால் கதிர் பதராகும். அவ்வாறு நிற்பதற்கு நாமே தேடிக்கொள்ளும் காரணம் ஒன்று உண்டு. அது ஸ்பார்க் பிளக்கை அளவுக்கு மீறி இறுக்குவதாகும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஆகவே இங்கு கூறுவன பெட்ரோல், மண்ணெண்ணெய் எஞ்சின்களுக்கே பொருந்தும்.

இச்சிறு எஞ்சின்களின் ஹெட் பெரும்பாலும் அலுமினியத்தாலானது. பிளக்கின் மரையோ எஃகு. பலமாக முறுக்கினால் தேய்ந்து அறுவது மென்மையான அலுமினிய மரையே. மேலும், சூட்டில் அலுமினியம் இரும்பைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஆதலால் எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே பிளக்கைத் தொடுதல் வேண்டும்.

வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்கிற்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை பொதுவான அளவாகும். எஞ்சினுடன் வந்த கையேட்டில் இதனினும் குறைவாகக் கண்டிருந்தால் அதனையே கொள்க. 25 என்பது கால் மீட்டர் நீள ஸ்பானரின் நுனியில் பத்துக் கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம், அவ்வளவுதான். அந்த ஸ்பானரில் குழாயைச் சொருகி முக்கால் மீட்டராக நீட்டி, அதே பலத்துடன் இழுத்தால் 75 ஆகிவிடும். குழாய் சொருகும் பழக்கத்தை அறவே விடுதல் நலம். மோட்டார் சைக்கிள்களில் காணும் 10 மில்லிமீட்டர் பிளக்கிற்கு 10 முதல் 12 வரையே போதும்.

அளவு காட்டும் ஸ்பானர் இல்லாதோர் செய்யத்தக்கது யாதெனில்: பிளக்கைச் சுற்றியுள்ள மணலை ஊதி அகற்றிவிட்டு, விரலாலேயே முழுவதும் திருகி வாஷர் படியச் செய்க. பிளக்கின் மேல் நுனியில் சிறு ரப்பர் குழாயை மாட்டித் திருகுவது இன்னும் நன்று. மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கி எச்சரிக்கும். பின்னர் ஸ்பானரால், புதிய பிளக்கானால் அரைச் சுற்று. வாஷர் முன்பே நசுங்கிய பழைய பிளக்கானால் எட்டில் ஒரு பங்கு முதல் கால் சுற்று வரை.

அதற்காகத் தளர்வாக விடுவதும் தவறு. பிளக்கின் சூடு அதன் அமர்விடத்தின் வழியாகவே ஹெட்டிற்கு இறங்குகிறது. படியாத பிளக் வாயுவைக் கசியவிடும். அளவுமீறிச் சூடேறிக் கெடும்.

மண்டபம் முதல் இராமேசுவரம் வரையுள்ள கரையோரத்தில் உப்புக் காற்று வேறு சேர்ந்துகொள்கிறது. ஈரமான உப்பு, எஃகும் அலுமினியமும் சேருமிடத்தை அரித்து, வெண்பொடி பூக்கச் செய்து, பிளக்கை ஒட்டிக்கொள்ளச் செய்யும். இதற்கு அஞ்சிப் படகு எஞ்சின்களின் பிளக் மரையில் கிரீஸ் தடவுவோர் உளர். வழுக்கும் மரையில் அதே முறுக்குவிசை மிகுதியாக இறுக்கிவிடும். கையேடு சொன்னாலன்றித் தடவ வேண்டா. ஒட்டிய பிளக்கில் சில துளி எண்ணெய் விட்டுப் பொறுத்திருந்து, சிறிது கழற்றி, மீண்டும் சிறிது உள்ளே திருப்பி, மெல்ல மெல்ல எடுக்க வேண்டும்.

மரை அறுந்தே போனாலும் புது ஹெட் வாங்க ஓட வேண்டியதில்லை. துளையைச் சற்றுப் பெரிதாக்கி மரை வெட்டி, எஃகுச் சுருள் பதித்துச் சரிசெய்யும் முறை பட்டறைகளில் உண்டு. ஊரில் பொது எஞ்சின் இருப்பின், அளவு காட்டும் ஸ்பானர் ஒன்றையும் அதனுடன் வாங்கி வைக்க ஊராட்சி உறுப்பினர்கள் ஏற்பாடு செய்யலாம்.