சிறுநீரகத்திற்கு இரண்டு தமனிகளா? அஞ்ச வேண்டாம்

நம் தருமபுரி மாவட்டக் குடும்பங்களில் தாயோ உடன்பிறந்தாரோ சிறுநீரகத் தானம் செய்ய முன்வரும்போது, சி.டி. ஆஞ்சியோகிராம் அறிக்கையில் 'கூடுதல் சிறுநீரகத் தமனி' என்றிருப்பதைக் கண்டு சிலர் கலங்குகின்றனர். இது நோயன்று.

பெருந்தமனியிலிருந்து ஒவ்வொரு சிறுநீரகத்திற்கும் பொதுவாக ஒரு தமனி பிரிகிறது. ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குக் கூடுதலாகவும் இருக்கும். கருவில் சிறுநீரகம் இடுப்புக்குழியிலிருந்து மேலேறுகையில் புதிய தமனிகளைப் பெறும், பழையவை மறையும். மறையாது எஞ்சியவையே இவை.

ஆயினும், ஒவ்வொரு தமனியும் சிறுநீரகத்தின் தனித்தனிப் பகுதிக்குக் குருதி அளிக்கிறது. ஒன்றைத் துண்டித்தால் அதற்குரிய பகுதி அழியும். ஆகவே அறுவைக்கு முன்பே அவற்றை எண்ணிப் பார்த்து, எந்தச் சிறுநீரகத்தை எடுப்பதென முடிவு செய்கிறோம். பெரும்பாலும் தானத்திற்கு இது தடையாவதில்லை. பழைய ஸ்கேன் படங்களை மறவாது கொண்டுவாருங்கள்.