கையால் பார்க்கிற ஹோஸ்

லண்டனின் பேர்லி வேயில் ஐக்கியா கடையை ஒட்டி இரண்டு உயரமான புகைக்கூண்டுகள் நிற்கின்றன. பழைய குரோய்டன் மின்நிலையத்தில் மிஞ்சியவை. அவை புகை விட்ட காலம் எப்போதோ போய்விட்டது. போன ஓகஸ்ட் மாதச் சனிக்கிழமை ஒன்றில் அவற்றின் கீழே, வாகன நெரிசலில் நின்றபடி புகை விட்டது என்னுடைய கார். பொனற்றின் இரண்டு பக்கத்தாலும் வெள்ளை ஆவி. சீனிப்பாணி கருகுவதுபோல ஓர் இனிப்பு மணம். பின்னால் நின்ற வான்காரர் ஹோர்ன் அடித்தார். ஆவியைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

மேல் ரேடியேற்றர் ஹோஸ், கிளிப்புக்குப் பக்கத்தில் பிளந்திருந்தது. பிளவு ஒரு விரல்நீளம்கூட இல்லை. மூன்று கிழமைக்கு முதல்தான் சேர்விஸுக்கு விட்டு எடுத்திருந்தேன். ஹோஸ் எல்லாம் நல்லது என்று தாளில் ‘சரி’ போட்டுத் தந்திருந்தார்கள். பொய் சொல்லவில்லை, வெளியே அது புதிதுபோலக் கறுப்பாக, வழுவழுப்பாகத்தான் இருந்தது. கண்ணால் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சாவகச்சேரியில் என் சித்தப்பா ஒரு மொரிஸ் மைனர் வைத்து வாடகைக்கு ஓடினார். 1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கி, வடக்குக்குப் பெற்றோல் வரத்து தடைப்பட்டபோது, எல்லோரையும்போல அவரும் சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலைத் துளித்துளியாகக் கொடுத்து இஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார். ஹோஸ் வாங்கக் கடையில் சாமான் இல்லை. பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாகக் கீறி, இழுத்து இழுத்துச் சுற்றுவார். ஒவ்வொரு காலையும் கார் எழும்ப முதல் பொனற்றைத் திறந்து ஹோஸின் நுனிகளை நெரித்துப் பார்ப்பார். “தம்பி, இதைக் கண்ணாலை பாக்கக் கூடாது. கையாலை பாக்கோணும்.” அப்போது அது அவருடைய பல பழமொழிகளில் ஒன்று என்றுதான் நினைத்தேன்.

இப்போதைய கார் 2005 இல் பதிவான ரொயோட்டா யாரிஸ், பெற்றோல். 2023 ஓகஸ்ட் 29 அன்று யூலெஸ் என்ற வாகனப் புகைக் கட்டண வலயம் குரோய்டன் உட்பட லண்டன் முழுவதற்கும் விரிந்தபோது, தராதரத்துக்குள் வராத கார்களுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்ஸ் கட்டணம் வந்தது. எங்கள் தெருவில் பல டீசல் கார்கள் அந்தக் கோடையோடு காணாமல் போயின. பெற்றோல் காருக்கு யூரோ 4 தரம் இருந்தால் போதும் என்பதால் என் கிழவி தப்பிவிட்டாள். தப்பிய இந்தக் கார்களுக்கு இனி எமன் பெரும்பாலும் நாற்பது பவுண்ஸ்கூடப் பெறாத ஒரு றப்பர்க் குழாய்தான். ஹோஸ் போனால் தண்ணீர் போகும். தண்ணீர் இல்லாமல் இரண்டு மைல் ஓடினால் ஹெட் கஸ்கற் போகும். அதைத் திருத்தும் கூலி காரின் விலையைத் தாண்டிவிடும். வருடாந்த எம்.ஓ.ரி சோதனையில் பாஸ் என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. அந்தச் சோதனை இஞ்சினின் நிலையைப் பார்ப்பதில்லை.

ஏன் றப்பர்? இரும்பிலேயே குழாய் போட்டால் என்ன? இஞ்சின் ஓடும்போது அது தன் இருக்கையில் குலுங்கிக்கொண்டிருக்கும்; ரேடியேற்றரோ காரின் உடம்போடு இறுகி நிற்கும். இரண்டுக்கும் நடுவே வளைந்து கொடுக்க ஒன்று வேண்டும். மேல் ஹோஸ் சூடேறிய தண்ணீரை ரேடியேற்றருக்குக் கொண்டுபோகிறது. கீழ் ஹோஸ் ஆறிய தண்ணீரை இஞ்சினுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. இந்த ஹோஸ்களுக்குள் அழுத்தமும் உண்டு. குக்கருக்கு வெயிட் எப்படியோ, ரேடியேற்றருக்கு மூடி அப்படி. சுமார் 1 பார் அழுத்தத்தை அது அடைத்து வைப்பதால் வெறுந்தண்ணீர்கூட 120 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. சூட்டோடு மூடியைத் திறந்தவர்களின் முகம் வெந்துபோவது இதனால்தான்.

இந்த ஹோஸ்களைப் பொதுவாக ஈபிடிஎம் என்ற செயற்கை றப்பரில் செய்கிறார்கள். சூட்டுக்கு நன்றாகத் தாங்கும். எண்ணெய் பட்டால் ஊதிப் பஞ்சாகிவிடும். ஆனால் என் ஹோஸில் எண்ணெயும் படவில்லை. அமெரிக்காவின் கேட்ஸ் நிறுவனத்துப் பொறியியலாளர்கள் இதை ஆராய்ந்து சொன்ன காரணம் விசித்திரமானது. ஹோஸ், உள்ளே தண்ணீரோடு கலந்து ஓடும் கூலன்ற் என்ற குளிர்விப்புத் திரவம், ஹோஸ் பொருந்தும் உலோகம் மூன்றும் சேர்ந்து ஒரு பற்றரிபோல ஆகிவிடுகின்றன. அந்தச் சிறிய மின்னோட்டம் றப்பரின் உட்புறத்தை மயிரிழை மயிரிழையாக வெடிக்கச் செய்கிறது. வெடிப்பு உள்ளேயிருந்து வெளியே வருவதால் வெளித்தோல் கடைசி நாள்வரை மினுங்கும். அதிகம் அரிப்பது நுனிகளில், கிளிப்பிலிருந்து ஐந்து சென்ரிமீற்றருக்குள். சித்தப்பா நெரித்த அதே இடம்.

சோதனை இவ்வளவுதான்: இஞ்சின் நன்றாக ஆறியபின் ஹோஸின் நடுப்பகுதியைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நெரியுங்கள். பிறகு நுனியை. இரண்டும் ஒரே மாதிரி எதிர்த்துத் தள்ள வேண்டும். நுனி மட்டும் அப்பம்போல அமுங்கினால், அல்லது உள்ளே ஏதோ நொறுங்குவதுபோல விரலுக்குப் பட்டால், வெளியழகைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். ஆறிய காரில் மேல் ஹோஸ் சப்பளிந்து கிடந்தால் குற்றம் ஹோஸில் இல்லாமலும் இருக்கலாம். ஆறும்போது திறந்து கொடுக்க வேண்டிய மூடியின் வால்வு அடைத்திருக்கலாம்.

அன்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆற விட்டேன். பேர்லி வேயில் சும்மா நின்றால் பழைய விமான நிலையம் நினைவுக்கு வரும். 1930 மே 5 இல் விமானி ஏமி ஜோன்சன் அங்கேயிருந்துதான் தனியாக ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தார். அவருடைய ஜிப்சி மொத் விமானத்தின் இஞ்சின் காற்றால் குளிர்வது. ரேடியேற்றரும் இல்லை, ஹோஸும் இல்லை. கொடுத்துவைத்தவர். நான் ஐக்கியாவுக்குள் போய்க் குறடு உள்ள ஒரு சின்னக் கருவிப்பெட்டி, காய்கறிக் கத்தி, நான்கு போத்தல் தண்ணீர் வாங்கி வந்தேன். பிளவு நுனியில் இருந்ததால் அந்த ஓர் அங்குலத்தை வெட்டிவிட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டி, தோர்ன்ரன் ஹீத் வரை மெல்ல உருட்டினேன். வீட்டுக்கு வந்து சேர மட்டும்தான் அந்த வைத்தியம்.

மறுநாள் புது ஹோஸ் இரண்டும் மாட்டினேன். ஒன்று போனால் மற்றதும் அதே வயதுதானே. பழையதைத் திருகி இழுக்கக் கூடாது. ரேடியேற்றரின் கழுத்து பிளாஸ்ரிக், முறிந்துவிடும். நீளவாக்கில் கீறி உரித்தெடுப்பது நல்லது, கத்தி கழுத்தில் படாமல். புதியது ஏறாவிட்டால் கிறீஸ் பூசுகிற பழக்கம் பலருக்கு உண்டு. அந்த றப்பருக்கு அது நஞ்சு. கூலன்றையே கொஞ்சம் தடவினால் வழுக்கி ஏறும்.

திருகுகிற கிளிப்தான் வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது, விட்டுவிட்டேன். ஊரில் நாங்கள் ஜுபிலி கிளிப் என்போம். ஏதோ மகாராணியின் ஜுபிலிக்குச் செய்தது என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். லம்லி ரொபின்சன் என்ற முன்னாள் கடற்படை அதிகாரி 1921 இல் உருவாக்கியது அது. கம்பனி இங்கே பக்கத்தில், கென்ற் மாவட்டத்து ஜிலிங்ஹாமில். திருகு வைத்து இறுக்குவது. ஆனால் யாரிஸில் வருவது வில்லுக் கிளிப். சூட்டில் றப்பர் விரிய அது விரியும், குளிரில் சுருங்கும். திருகுகிற கிளிப்பைக் கைவாகாக இறுக்கினால் பிளாஸ்ரிக் கழுத்து வெடிக்கக்கூடும். பழைய வில்லையே போட்டேன்.

வடித்த கூலன்றைச் சட்டியோடு ஓர் இரவுகூட முற்றத்தில் வைக்காதீர்கள். இனிப்பென்று பூனை குடித்தால் செத்துவிடும். குரோய்டனில் நரியும் வந்து நக்கும். தெரு வடிகாலிலும் ஊற்றக் கூடாது. மூடிய கலனில் அடைத்துவைத்து, மாநகரசபையின் மறுசுழற்சி நிலையத்தில் எடுப்பார்களா என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. புதிதாக ஊற்றும் கூலன்றை நிறம் பார்த்து வாங்காமல் காரின் கைநூலில் உள்ள வகையைப் பார்த்து வாங்குங்கள். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் சுமார் மைனஸ் 35 பாகை வரை உறையாது.

பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். இஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்துவைத்து, ஹீற்றரை முழுச்சூட்டில் போட்டு, சும்மா ஓட விட்டுக்கொண்டே மேல் ஹோஸைப் பால் கறப்பதுபோல நெரித்து நெரித்து விட்டால் குமிழி குமிழியாகக் காற்று வரும். ஹீற்றரும் இதே தண்ணீரில்தான் சூடாகிறது. என் யாரிஸில் வெப்பம் காட்டும் முள் கிடையாது, சிவப்பு விளக்கு ஒன்றுதான். அது எரியும்போது பல சமயம் காலம் கடந்திருக்கும். ஓடிச் சூடான காரில் ஹீற்றர் திடீரென்று குளிர்காற்று ஊதினால், தண்ணீர் இறங்கிவிட்டது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும்.

போன கிழமை இரவு மகள் தொலைபேசியில் எடுத்தாள். நொட்டிங்ஹாமில் படிக்கிறாள், அவளிடமும் ஒரு பழைய யாரிஸ்.

“அப்பா, ஹீற்றர் குளிர்க்காத்து விடுது. கராஜுக்குப் போக இன்னும் ஆறு மைல். ஹீற்றர்தானே, அடுத்த மாதம் பாப்பமா?”

“இஞ்சினை நிப்பாட்டு பிள்ளை. எந்த ரோட்டிலை நிக்கிறாய்?”